நோட்டு அட்டையில் வான்கோ: ஒட்டும் முறை

மதுரை சிம்மக்கல் பக்கம் பைண்டிங் வேலை பார்க்கிறேன். காலேஜ் பிள்ளைகள் போனில் டச்சு ஓவியர் வான்கோ படத்தைக் காட்டி, "அண்ணே, இதை நோட்டுக்கு அட்டையாப் போட்டுத் தாங்க" என்பார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

மாடலாக உட்காருபவருக்குக் கொடுக்கக் காசில்லாமல், கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே 30 தடவைக்கு மேல் வரைந்த மனிதர் அவர். அதிகம் கேட்கப்படுவது 1889-ல் வரைந்தது. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டும் பின்னணியும் கிட்டத்தட்ட ஒரே நீலப்பச்சை. தாடியும் தலைமுடியும்தான் செம்பட்டை. முகத்தை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். பின்னால் சுழித்து ஓடும் தூரிகைத் தீற்றல்கள் போய்விட்டால் அந்தப் பார்வைக்கு இருக்கிற வேகமும் போய்விடும். எனக்கு அந்தச் சுழிப்புதான் படமே.

அசல் 65 செ.மீ. உயரம், ஏறக்குறைய 54 அகலம். நீங்கள் 15 அகலம் வைத்தால் உயரம் 18 வரும். நோட்டு நெட்டையாக இருக்கிறதென்று படத்தை இழுத்தால் முகம் கெட்டுவிடும். மிச்ச இடத்துக்கும் நோட்டின் முதுகுக்கும் செங்காவிச் சுங்குடித் துணி வையுங்கள். தாடி நிறம் எடுப்பாகத் தெரியும். தையல் கடையில் கேட்டால் வெட்டுத்துண்டு கிடைக்கும்.

லேசர் பிரிண்ட்தான் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் என்றால் பசை ஈரத்தில் சாயம் கசியும். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தீற்றலெல்லாம் மங்கிவிடும்.

மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, இறக்கியதும் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பூச்சி அண்டாது. அது விஷம்; சமையல் பாத்திரம் வேண்டாம், குழந்தைகள் கையிலும் படக்கூடாது.

ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். மதுரை வெயிலுக்குப் பசை சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். முதலில் முதுகுத் துணி. பிறகு படத்தைக் கவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசை தடவி, இரண்டு நிமிடம் விடுங்கள். ஈரத்தில் தாள் விரியும். விரிந்து முடிந்தபின் ஒட்டினால்தான் குமிழ் வராது. சுத்தமான துணியால் நடுவிலிருந்து வெளியே நீவுங்கள். விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையை வெளிப்பக்கம் வளைக்கும். அதனால் உள்பக்கமும் ஒரு தாள் கட்டாயம் ஒட்ட வேண்டும், அந்த இழுப்பை இது ஈடுகட்டும்.

அட்டைக்கும் நோட்டுக்கும் நடுவே பாலிதீன் தாள் வைத்து, மேலே கனமான பலகையும் கல்லும் ஏற்றி, மறுநாள் காலைவரை விட்டுவிடுங்கள். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது.