பயப்படுகிற நாளில் ஜெபிக்க: கீமோ எடுப்பவருக்கும் கூட இருப்பவருக்கும்

புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "பயப்படாதீங்க, விசுவாசமா இருங்க." பயந்தால் விசுவாசம் இல்லை என்று நோயாளியின் காதில் அது விழுகிறது. ஆனால் சங்கீதம் 56:3 சொல்வது இது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட நாளைப் பற்றிய வசனம் அது. கெத்செமனேயில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். அதனால் பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

முதலில் ஒரு காலண்டர்

பல கீமோக்கள் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். சில வாரம் ஒருமுறை. உங்களுடையது எப்படி என்று டாக்டரிடம் கேட்டு, தேதிகளைச் சுவர்க் காலண்டரில் குறியுங்கள். ஜெபத்தையும் அந்தத் தேதிகளின்படியே அமைக்க வேண்டும். நலமாக இருந்தபோது காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று அதிகாரம் வாசித்தவர் கீமோ வாரத்திலும் அதையே செய்யப் பார்ப்பார். நாலாம் நாள் முடியாமல் போனதும் "தேவனை விட்டு விலகிவிட்டேன்" என்று அழுவார். இது அடிக்கடி நடக்கிறது.

21 நாள் சுற்றானால், முதல் வாரத்தில் குமட்டலும் அசதியும் அதிகம். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் முதல் சில இரவுகள் தூக்கம் வராமல் போகலாம். மருந்தின் வேலையை மனச்சாட்சியின் வேலை என்று எண்ணிக் குழம்பாதீர்கள். இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வசனம் போதும். மூச்சை இழுக்கும்போது "பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". பத்து முறை சொன்னால் ஜெபம் முடிந்தது. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் போனில் வேதாகமத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாதியில் தூங்கிவிட்டால் நல்லதே.

இரண்டாம் வாரம் உடம்பு கொஞ்சம் தேறினாற்போல் இருக்கும், ஏமாற வேண்டாம். பெரும்பாலான கீமோக்களில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள்தான் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களின் கவுண்ட் மிகவும் குறையும். கூட்டமான ஆராதனை, கன்வென்ஷன், வீட்டு ஜெபக் கூட்டம் எல்லாவற்றையும் இந்த நாட்களில் தவிர்க்கவும். ஒருவரோ இருவரோ போனில் ஜெபித்தால் போதும். தெர்மாமீட்டர் வேதாகமத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். "ஜெபித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம்" என்பது உயிருக்கே ஆபத்து. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்கவும் கூடாது. ஆட்டோவில் போகும்போது ஜெபிக்கலாம்.

மூன்றாம் வாரம் கவுண்ட் ஏறும். ஆலயத்துக்குப் போவது, நற்கருணை எடுப்பது, நீண்ட பகுதிகளை வாசிப்பது எல்லாம் அப்போது. எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் சபையானால் தனிக் குவளையோ, அப்பம் மட்டுமோ தரும்படி முன்கூட்டியே போதகரிடம் சொல்லிவையுங்கள். வாய்ப்புண் இருந்தால் அப்பத்தில் மிகச் சிறிய துண்டு கேளுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

உபவாசம், எண்ணெய், பொருத்தனை

கீமோ நடக்கும்போது நோயாளி உபவாசிக்கக் கூடாது. எடை குறைந்து, உடம்பில் நீர் வற்றினால் அடுத்த டோஸே தள்ளிப்போகலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் நோயாளிகளுக்கு நோன்புக் கடமை கிடையாது. உங்களுக்காகச் சபையார் உபவாசிக்கட்டும். நீங்கள் கஞ்சியைக் குடியுங்கள்.

யாக்கோபு 5:14இன்படி மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வந்தால், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கும் இடத்தில் பூச வேண்டாம் என்று சொல்லுங்கள். தோல் ஏற்கெனவே வெந்திருக்கும். மையால் போட்ட குறிகளும் அழிந்துபோகும். நெற்றியில் ஒரு துளி, தலைப்பகுதிக்குக் கரண்ட் வைத்தால் உள்ளங்கையில் ஒரு துளி போதும். கத்தோலிக்கரின் நோயில் பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் இன்னும் ஊரில் இருக்கிறது. அது சரியல்ல, கடுமையான நோயிலோ, பெரிய அறுவைக்கு முன்போ பங்குத்தந்தையிடம் கேட்டுப் பெறலாம்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகச் சிலுவையோ, சங்கிலி கோர்த்த செபமாலையோ போகாது. அங்கே பத்து விரல்களில் எண்ணிச் செபியுங்கள்.

பொருத்தனையைப் பற்றி ஒன்றே ஒன்று: "குணமானால் இதைச் செய்வேன்" என்று கடன் வாங்கிச் செய்யும்படியான எதையும் நேர்ந்துகொள்ளாதீர்கள்.

"மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவா?"

இந்தக் கேள்வியைச் சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், சிலர் பார்வையாலே கேட்பார்கள். எசேக்கியா ராஜா சாகக்கிடந்து அழுது ஜெபித்தான். கர்த்தர் 15 வருஷம் கூட்டித் தருவதாகச் சொன்னார். அதே அதிகாரத்தில் (ஏசாயா 38) பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துப் பற்றுப்போடச் சொன்னவரும் ஏசாயா தீர்க்கதரிசிதான். வாக்குத்தத்தத்தைக் கேட்டவனுக்கே பற்றும் போட்டார்கள்.

"யார் செய்த பாவம்?" என்பது இன்னொரு கேள்வி. யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டது இதைத்தான். அவன் பாவமும் அல்ல, பெற்றோர் பாவமும் அல்ல என்றார் இயேசு. வீட்டில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் கூட இருப்பவர் குறுக்கிட வேண்டும். நோயாளிக்குப் பதில் சொல்லத் தெம்பிருக்காது.

வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதினால், சிலுவையைச் சுமப்பதாக நினைத்து அதைத் தள்ளிவைக்காதீர்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு எடுத்தால் வலி அடங்கும், ஜெபிக்கவும் முடியும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் போதகரிடம் மட்டுமல்லாமல் டாக்டரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஜெபிக்கச் சொல்லும்போது

"எனக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொன்னால் ஊர் முழுக்க வீட்டுக்கு வரும். மூன்று வரி எழுதி அனுப்புங்கள்: "வெள்ளி காலை மூன்றாவது கீமோ. ஊசி போட நரம்பு கிடைக்கவும் வாந்தி அடங்கவும் ஜெபியுங்கள். இரண்டு வாரம் நேரில் வர வேண்டாம், போனும் மாலை ஐந்துக்கு மேல்." நோயின் பெயரையும் ஸ்டேஜையும் சபையில் அறிவிக்க வேண்டுமா என்பது நோயாளியின் முடிவு.

பார்க்க வருகிறவர்கள் இரண்டு பேராக, பத்து நிமிடத்துக்கு மேல் இராமல், கை கழுவிவிட்டு வரவும். சளி, இருமல் இருந்தால் வரவே வேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான், வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை. சபையால் இன்னொன்றும் செய்ய முடியும்: ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) கொடுக்கத் தயாரானவர்களின் பட்டியல். எடுத்த தட்டணுக்களை ஐந்து நாள்தான் வைத்திருக்கலாம் என்பதால், கூப்பிட்டதும் வரக்கூடிய ஆட்களாக இருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுக்கும் முன்பே "குணமாகிவிட்டேன்" என்று சாட்சி சொல்லும்படி யாராவது நெருக்கினால், "ரிப்போர்ட் வந்தபின் சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வாங்கும் நாள்

தனியாகப் போகாதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முந்தின நாளே எழுதிவையுங்கள். கூட வருபவர் டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளட்டும். காத்திருக்கும்போது சங்கீதம் 13 வாசியுங்கள். ஆறே வசனம், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குகிறது. அதைவிடக் கசப்பான மனநிலை என்றால் 88. அது ஆறுதல் ஏதும் சொல்லாமலே முடியும், அப்படி ஜெபிக்கவும் வேதத்தில் இடம் உண்டு.

செய்தி மோசமாக இருந்தால் அன்றைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம், உறவுக்காரர்களுக்குப் போன் போடவும் வேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்தபோது தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். அவன் சாப்பிட்டு, குடித்து, திரும்பப் படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் கூட இருப்பவர் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்து, விளக்கை அணைக்கட்டும். காலண்டரை மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம்.