செட்டிநாட்டு வீட்டில் இயற்கைக் கதிர்வீச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியை வளவின் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தின்) கருங்கல் தூணில் வைத்து, அது டிக் டிக் என்றதும் கலங்கிப் போவது முதல் தவறு. கருங்கல்லில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 சிறிதளவு எப்போதும் உண்டு. உலகச் சராசரிப்படி ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு) கிடைக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி, மூச்சில் போகும் ரேடான் வாயுவால் வருவது. அறைக் காற்றில் அது எவ்வளவு என்று இந்தக் கருவி சொல்லாது.

மண்ணுக்குள் பிறக்கும் ரேடான், தரையும் சுவரும் சேரும் மூட்டிலும் விரிசலிலும் கசிந்து மேலேறும். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் தூசியோடு ஒட்டி, மூச்சுக்குழாய்ச் சுவரில் படியும். அதன் ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், நம் மேல்தோலின் செத்த அடுக்கும் தடுத்துவிடும். மூச்சுக்குழாயில் அந்தக் காப்பு கிடையாது. அங்கே துகள் ஓடுவது 40 முதல் 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அதாவது சில செல்களின் அகலம். அதற்குள் ஆற்றல் முழுவதையும் கொட்டுவதால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அருகருகே அறுகின்றன. ஓர் இழை மட்டும் அறுந்தால் மற்றதைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். அன்றாடம் செய்கிற வேலைதான். இரண்டும் அறுந்தால் பெரும்பாலும் முனைகளை அப்படியே ஒட்டுகிறது, இடையில் மரபுக் குறிப்பின் எழுத்துகள் விடுபடுகின்றன. புற்றுநோய் அந்தப் பிழையிலிருந்து தொடங்கலாம்.

பத்து வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில் பத்து வருஷ ரேடான் சேர்ந்திருக்கும் என்று பயப்படுவதும் தப்பு. அதன் அரை ஆயுள் 3.8 நாள்தான், அதாவது அதற்குள் பாதி சிதைந்துவிடும். அதனால் ஒரு மாதத்துக்குள் உச்சத்தைத் தொட்டு அங்கேயே நிற்கும். கல்யாணத்துக்கு வந்து இறங்கியதும் முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். நேர்கோட்டில் வைத்த வாசல்கள், சில மணி நேரத்தில் காற்று மாறிவிடும்.

புறாத் தொல்லைக்காக முற்றத்தைத் தகடு போட்டு இறுக்க மூடுவதுதான் எங்களுக்குக் கவலை தருவது, ரேடான் வெளியேறும் வழி அடைபடும். மூடியே ஆகவேண்டுமென்றால் தகட்டை ஓரடி உயர்த்தி, பக்கங்களில் வலை அடியுங்கள்.

ஒரு நாள் அளந்து முடிவு கட்டாதீர்கள். படுக்கையறையில் தடப்பதிவு ஃபிலிமை (ஆல்ஃபா துகள் பட்ட தடத்தைப் பதியும் சிறு தகட்டை) மூன்று மாதம் வைத்து அளக்க வேண்டும். கனமீட்டர் காற்றுக்கு 100 பெக்கரலுக்குள் (நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல்) இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடியாத இடத்திலும் 300-ஐத் தாண்டக் கூடாது.

இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வில் புற்றுநோய் கூடவில்லையே என்று ஆறுதல் கொள்வது இதற்குப் பொருந்தாது. அந்த ஆய்வு பார்த்தது மணலின் தோரியத்திலிருந்து வெளியே படும் காமாக் கதிரை. நுரையீரலுக்குள் படியும் ஆல்ஃபா வேறு கணக்கு, அதிலும் வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அவருக்கு ஆபத்து பல மடங்கு.