மலை ஊரின் குறையைச் சட்டமன்ற வினாவாக்குவது எப்படி?

நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என மூன்று சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. கொடைக்கானல் பழனித் தொகுதிக்குள் வருகிறது. 234 உறுப்பினர்கள் அமரும் பேரவையில் இவ்விரு மலைகளுக்கும் நேரடியாகப் பொறுப்பானவர்கள் நால்வர் மட்டுமே என்பதால், அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு வினாவைக்கூடப் பொத்தாம்பொதுவாகக் கேட்டு வீணாக்குவது கட்டுப்படியாகாது. ஊர்க் குழுக்களும் குடியிருப்போர் சங்கங்களும் உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை மனுவாகவே எழுதப்படுகின்றன. மனு இரக்கத்தை எதிர்பார்க்கிறது. வினாவோ அமைச்சரிடமிருந்து ஒரு தேதியையோ தொகையையோ இடத்தின் பெயரையோ வாங்க வேண்டும். மனுவாக இருப்பதை வினாவாக மாற்றி எழுத விரும்பும் ஊர்மக்களுக்கும், உறுப்பினர் அலுவலகத்தில் வினாக்களைத் தயாரித்துத் தரும் உதவியாளர்களுக்கும் இக்குறிப்புகள் பயன்படக்கூடும்.

முதலில், எந்த அமைச்சர்?

மலைப் பகுதியில் வினாக்கள் தோற்றுப்போகும் முதல் இடம் இதுதான். சமவெளியில் ஒரு சாலை யாருடையது என்று கண்டுபிடிப்பது எளிது. இங்கே ஒரே வழித்தடத்தில் ஐந்து கிலோமீட்டர் நடப்பதற்குள் நெடுஞ்சாலைத் துறையின் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, வனத்துறையின் பாதை, தனியார் எஸ்டேட் சாலை என்று நான்கு உரிமையாளர்கள் மாறிவிடலாம். வெலிங்டன் பகுதியாக இருந்தால் மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் ராணுவக் குடியிருப்புப் பகுதியை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் வாரியமும் சேர்ந்துகொள்ளும். ஊரக வளர்ச்சித் துறையின் சாலையைப் பற்றி நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம் கேட்டால், "இச்சாலை இத்துறையின் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற ஒரே வரியில் விடை முடிந்துவிடும். அந்த விடையில் தவறு காணவும் முடியாது. எனவே, எழுதத் தொடங்கும் முன் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் நெடுஞ்சாலைத் துறையின் உட்கோட்ட அலுவலகத்திலும் அந்தச் சாலை யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாநில அமைச்சரிடம் கேட்கவே முடியாதவையும் உண்டு. மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில் மத்திய அரசுக்குரியது. பச்சைத் தேயிலையின் விலை பற்றிய முறையீட்டில் பெரும்பகுதி மத்திய அரசின் தேயிலை வாரியத்தைச் சார்ந்தது. ஆனால் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வ் மாநில அரசின் சிறு, குறு தொழில் துறையிடமும், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வனத்துறையிடமும் இருப்பதால் அவற்றின் நிர்வாகத்தைப் பற்றிப் பேரவையில் தாராளமாகக் கேட்கலாம். குன்னூர், உதகை, கூடலூர் வழியாகச் செல்லும் 181-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பராமரிப்பை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு கவனிக்கிறது. நிதி ஒதுக்கும் முடிவோ புதுதில்லியில் இருக்கிறது. அதில் பராமரிப்பைச் சட்டமன்ற உறுப்பினரும், நிதியை நாடாளுமன்ற உறுப்பினரும் கேட்பதே முறை.

சில சிக்கல்கள் ஒரே அமைச்சருக்குள் அடங்காதவை. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் 1969-ஆம் ஆண்டின் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் (ஜன்மிகளின் பழைய பரம்பரை நில உடைமையை ஒழித்த சட்டம்) 17-ஆவது பிரிவுக்குள் வரும், உரிமை முடிவாகாத நிலங்களில் குடியிருப்போருக்கு மின் இணைப்புக் கிடைக்காதது இத்தகையது. வருவாய், வனம், மின்சாரம் ஆகிய மூன்று துறைகளையும் ஒரே வினாவில் கட்டிப்போட்டால் எந்தத் துறையும் முழு விடை தராது. மூன்று தனி வினாக்களாகப் பிரித்து, ஒவ்வொரு துறையிடமும் அதன் கையில் உள்ளதை மட்டும் கேட்க வேண்டும்.

நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருளைப் பற்றிய வினாவைப் பேரவைத் தலைவர் அனுமதிப்பது அரிது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அந்த வரம்பு சரியா தவறா என்று பேரவையில் வாதாட முடியாது. ஆனால் கல்லாறு, குஞ்சப்பனை போன்ற சோதனைச் சாவடிகளில் எத்தனை பணியாளர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர், வரிசையில் சிக்கிக்கொள்ளும் ஆம்புலன்ஸுக்குத் தனி வழி இருக்கிறதா, காத்திருப்போருக்குக் கழிப்பறை உண்டா என்றெல்லாம் கேட்பது நிர்வாகம் சார்ந்தது. அதற்குத் தடை இருக்கக் காரணமில்லை.

ஆதாரம் சேர்ப்பது

வினாவைக் கொடுப்பதற்கு முன்பே அதன் பாதி விடை உங்கள் கையில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவின் ரசீது எண்ணும் தேதியும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் கவனிக்காத மற்றோர் ஆவணம், மானியக் கோரிக்கையின்போது, அதாவது தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும்போது, ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. சென்ற ஆண்டின் குறிப்பில் மலைப் பகுதிக்கென்று துறையே அறிவித்த பணி ஏதேனும் இருந்தால், அதன் நிலையைக் கேட்பதைவிட வலுவான வினா வேறு இல்லை. தான் அச்சிட்டுத் தந்ததைத் தனக்குத் தெரியாது என்று எந்தத் துறையும் சொல்ல முடியாது.

மலைக்கென்று அளவுகோல் வேறாக இருக்கும் இடங்களைத் தேடிப் பிடியுங்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணைச் சுகாதார நிலையத்துக்கு 5,000 என்பது இங்கே 3,000. இந்த எண்களை வைத்துக்கொண்டு உங்கள் வட்டாரத்தின் மக்கள்தொகையையும் நிலையங்களின் எண்ணிக்கையையும் கேட்டால், குறை இருக்கிறது என்று நீங்கள் வாதாட வேண்டியதில்லை. அமைச்சரின் விடையே அதைச் சொல்லிவிடும்.

எழுதும் முறை

ஊர்க் குழுக்களிடமிருந்து வழக்கமாக வரும் வரைவு இப்படி இருக்கும் (ஹட்டி என்பது நீலகிரியின் படுகர் ஊர்): "எங்கள் ஹட்டிக்குச் செல்லும் சாலை பல ஆண்டுகளாகக் குண்டும் குழியுமாக உள்ளது, அதிகாரிகள் கண்டுகொள்வதே இல்லை, மழைக்காலத்தில் 108 ஆம்புலன்ஸ்கூட வர மறுக்கிறது, இதனை உடனே சீரமைக்க அரசு ஆவன செய்யுமா?" இதில் உள்ளவை அனைத்தும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இல்லை. அதிகாரிகள் மீது பழி சுமத்தும் தொடர் இருப்பதால், வினாவில் வாதமும் குற்றச்சாட்டும் கூடாது என்ற காரணத்தால் அது பேரவைச் செயலகத்திலேயே வெட்டப்படும் அல்லது வினாவே நிராகரிக்கப்படும். எஞ்சுவது "ஆவன செய்யுமா" என்ற கடைசித் தொடர் மட்டுமே. அதற்கென்றே "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற விடை ஒவ்வொரு துறையிலும் தயாராக இருக்கிறது.

அதே குறையைக் கீழ்க்காணுமாறு எழுதிப் பாருங்கள். ஊர்ப் பெயரையும் நீளத்தையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளலாம்.

"மாண்புமிகு ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்காணும் வினாவிற்கு விடையளிப்பார்களா? (அ) கோத்தகிரி ஊராட்சி ஒன்றியத்தில், இன்ன ஹட்டியிலிருந்து மாவட்ட முக்கியச் சாலை வரையுள்ள 2.4 கி.மீ. இணைப்புச் சாலை கடைசியாக எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தின்கீழ், என்ன செலவில் புதுப்பிக்கப்பட்டது. (ஆ) இச்சாலையில் மண் சரிவு அபாயம் உள்ளதாகக் கண்டறியப்பட்ட இடங்கள் எத்தனை. அவற்றுள் எத்தனை இடங்களில் தடுப்புச் சுவர் கட்டப்பட்டுள்ளது. (இ) எஞ்சிய இடங்களில் பணி எந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை எனில், அதற்கான காரணம் என்ன?"

(அ) பிரிவுக்குச் சரியான விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பதும் தரையில் இருப்பதும் வேறுபட்டால் அது அங்கேயே வெளிப்படும். (ஆ) பிரிவு எண்ணிக்கையைக் கேட்பதால் அதை "ஆம்" என்றோ "இல்லை" என்றோ தட்டிக்கழிக்க வழியில்லை. (இ) பிரிவின் "இல்லை எனில்" என்ற தொடரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் "கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்று சொல்லி அமைச்சர் அமர்ந்துவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றிய வினாவிலும் இதே ஒழுங்கு வேண்டும். "மழைக்காலத்துக்கு அரசு தயாராக உள்ளதா" என்று கேட்டால் தயார் என்றே விடை வரும். நீலகிரியில் 283 இடங்கள் அபாயப் பகுதிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளதை மாவட்ட நிர்வாகமே பலமுறை அறிவித்திருக்கிறது. அவற்றுள் உங்கள் வட்டத்தில் உள்ளவை எவை, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்பட்ட தற்காலிகத் தங்குமிடம் எது, அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று கேளுங்கள். தங்குமிடமாகக் குறிக்கப்பட்ட பள்ளிக்கூடமே சரிவின் அடியில் நிற்பதாக இருந்தால், பட்டியல் பேரவையில் வைக்கப்படும்போது ஊரே அதைப் பார்க்கும்.

எப்போது கேட்பது என்பதையும் யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கங்களை வாட்டுகிறது; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்தது அந்தப் பருவத்தில்தான். குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கு அஞ்ச வேண்டியது வடகிழக்குப் பருவமழையை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண் சரிவுகள் அந்தப் பருவத்தில் நிகழ்ந்தவை. இரு பக்கங்களுக்கும் பொதுவான நல்ல நேரம், மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்படும் நிதிநிலைக் கூட்டத்தொடர். வினா கொடுத்த வாரமே விடை வந்துவிடாது என்பதால், கூட்டத்தொடர் அறிவிக்கப்படும்வரை காத்திராமல் முன்னதாகவே உறுப்பினர் கையில் சேர்த்துவிடுங்கள்.

எந்த வழியில் எழுப்புவது?

அவையில் அமைச்சர் வாய்மொழியாக விடை சொல்ல வேண்டுமானால் நட்சத்திரக் குறியிட்ட வினா. எண்களும் பட்டியலும் போதுமென்றால் குறியிடாத வினா. ஊர்மக்கள் முதல் வகையையே விரும்புகிறார்கள், தொலைக்காட்சியில் பார்க்கலாம் என்று. உண்மையில் பட்டியலாக எழுத்தில் வரும் விடையே பின்னாளில் அதிகம் பயன்படுகிறது. திடீர் விபத்து, மண் சரிவு, காட்டு யானை தாக்கி உயிரிழப்பு போன்றவற்றுக்கு, அவசரப் பொருளின் மீது அமைச்சரின் கவனத்தை ஈர்க்கும் கவன ஈர்ப்புத் தீர்மானம் பொருத்தமானது. மானியக் கோரிக்கையின்போது, கேட்ட தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்திலும் உள்ளூர்க் குறையைச் சேர்க்கலாம். பேரவை விதி 110-ன்கீழ் அமைச்சர் படிக்கும் அறிக்கை மீது விவாதம் கிடையாது என்பதால், உங்கள் ஊர்த் திட்டம் அந்த வழியில் அறிவிக்கப்பட்டால் அதன் விவரங்களை அடுத்த வாய்ப்பில் வினாவாகத்தான் கேட்க முடியும்.

தொகுதி உறுப்பினரே அமைச்சராகிவிட்டால் அவர் வினா எழுப்ப முடியாது. அப்போது பக்கத்துத் தொகுதி உறுப்பினரை அணுகுவதில் தவறேதும் இல்லை; தன் தொகுதியைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும் என்று எந்த உறுப்பினருக்கும் கட்டுப்பாடு கிடையாது. எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கொடுத்தால் வேலை நடக்காது என்ற எண்ணம் மலையில் பரவலாக உண்டு. நிதி பெறுவதில் அது ஓரளவு மெய்யாக இருக்கலாம். விடை பெறுவதில் அப்படியில்லை.

துணைக் கேள்விக்கு ஒரு சீட்டு

நட்சத்திர வினா அவைக்கு வரும் நாளில், அமைச்சரின் விடையைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்விகளுக்காக உறுப்பினரின் சட்டைப்பையில் அரைப் பக்கச் சீட்டு ஒன்று இருக்க வேண்டும். அமைச்சர் மூன்று வகையாக விடை சொல்லக்கூடும்: பணி முடிந்துவிட்டது, பரிசீலனையில் உள்ளது, சாத்தியக்கூறு இல்லை. முதலாவதற்கு, பணி முடிந்த சான்று வழங்கிய தேதியைக் கேட்க வேண்டும். இரண்டாவதற்கு, கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில், எந்த மாதத்திலிருந்து இருக்கிறது என்று கேட்க வேண்டும். மூன்றாவதற்கு, ஆய்வு செய்த பொறியாளரின் அறிக்கையைப் பேரவையின் முன் வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். புதிய குறையொன்றைத் துணைக் கேள்வியாக நுழைத்தால் பேரவைத் தலைவர் அதை நிறுத்திவிடுவார். "எங்கள் மலைக்கு வந்து பாருங்கள்" என்ற அழைப்பும் அந்த ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும்.

விடை வந்த பிறகு

"நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அமைச்சர் அவையில் சொன்னால் அது உறுதிமொழி. அதை நிறைவேற்றினார்களா என்று பின்தொடர்வதற்கே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. விடை நாள், வினா எண், அமைச்சர் கூறிய சரியான சொற்கள் ஆகியவற்றை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து எடுத்து, உறுப்பினர் வாயிலாக அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும் நாளில், பணி நடக்க வேண்டிய இடத்தின் தேதியிட்ட புகைப்படத்தை ஒரு பக்கமும் விடையின் நகலை மறுபக்கமுமாக ஒட்டிய ஒரே தாளைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும். தடித்த கோப்புகளைப் படிக்க அங்கே நேரம் இருக்காது.

அடுத்த திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவிலும் அந்த விடையின் நகலை இணையுங்கள். விடை பெற்ற வினாவையே மீண்டும் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள் என்பதால், அடுத்த கூட்டத்தொடருக்கான வினாவை (இ) பிரிவில் அமைச்சர் குறிப்பிட்ட நிதியாண்டிலிருந்து தொடங்க வேண்டும்: அந்த ஆண்டில் அப்பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட நாள் எது?