ரயிலில் சண்டை வந்தால்: ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எஸ்-பானில் (நகர, புறநகர் ரயிலில்) யாராவது கைகலப்பில் இறங்கினால், 'நமக்கெதுக்கு வம்பு' என்று போனில் முகம் புதைப்பதுதான் புதிதாக வந்தவர்களின் வழக்கம். விசாவில் வந்திருக்கிறோம், மொழியும் அரைகுறை, புரிகிறது. ஆனால் ஒருவர் தாக்கப்படும்போது, முடிந்தும் உதவாமல் போவது இங்கே குற்றம். குற்றவியல் சட்டத்தின் 323சி பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு. அதே பிரிவு, பெரிய ஆபத்தில் போய் விழச் சொல்லவும் இல்லை. பெரும்பாலும் போலீஸ் அவசர எண் 110-க்குப் போன் போடுவதே போதுமான உதவி.

குறுக்கே போனவர்கள் கதையும் தெரிந்திருக்கட்டும். 2009 செப்டம்பரில் மியூனிக்கில், மிரட்டப்பட்ட பிள்ளைகளுக்குத் துணையாக சோல்ன் நிலையத்தில் இறங்கினார் டொமினிக் புரூனர். ரயிலிலேயே போலீஸுக்கும் சொல்லியிருந்தார். போலீஸ் வருவதற்குள் இரண்டு இளைஞர்கள் அடித்ததில் இறந்துபோனார். முதல் அடி அவருடையதுதான் என்று பிறகு நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. 2014-இல் ஒஃபன்பாக்கில் இரண்டு சிறுமிகளுக்காகத் தட்டிக்கேட்ட மாணவி துச்சே அல்பைராக், உணவகத்துக்குள் அல்ல, பின்னர் வெளியே வாகன நிறுத்தத்தில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். உள்ளே அடங்கிய சண்டை வாசலில் காத்திருக்கும்.

அதனால் அடிப்பவரிடம் பேசாதீர்கள், தொடவே தொடாதீர்கள். அடிபடுபவரைப் பார்த்து, "வாங்க, எங்க பக்கம் வந்து உட்காருங்க" என்று கூப்பிடுங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தினால் யாரும் அசைய மாட்டார்கள். "சிவப்பு ஜாக்கெட் போட்டவரே, நீங்க போலீஸைக் கூப்பிடுங்க" என்று ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள். பெட்டியில் ஓட்டுநரோடு பேசும் அவசர பட்டன் இருக்கும், அதை அழுத்தலாம். பிரேக்கை இழுத்தால் வண்டி நடுவழியில் நிற்கும், சண்டையோடு நீங்களும் உள்ளே மாட்டுவீர்கள். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் நம்ம ஊர்ப் பழக்கம் வேண்டாம். அதுவே உங்கள் மேல் தனி வழக்காகலாம்.

போலீஸ் வந்ததும் நழுவாதீர்கள். பெயர், முகவரி கொடுத்துச் சாட்சி சொல்வதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. கை நீட்டியிருந்தால்தான் சிக்கல். பிறரைக் காக்க அடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அது நிரூபணமாகும்வரை நீங்களும் சந்தேக நபர், குடியுரிமை அலுவலகத்தில் கோப்பு கிடக்கும்போது யாருக்கு வேண்டும் இந்தத் தலைவலி?

உதவப்போய்க் காயம் பட்டால், சட்டபூர்வ விபத்துக் காப்பீடு தானாகவே உங்களுக்கும் உண்டு. தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. எப்படி அடிபட்டது என்பதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிப் பதியவையுங்கள்.