பழைய இன்னோவாவில் முன்பக்கச் சத்தம்: எதையும் மாற்றும் முன் எப்படிப் பார்ப்பது

2005 முதல் 2016 வரை வந்த முதல் தலைமுறை இன்னோவா ஒன்றரை, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டால் முன்னாலிருந்து ஏதாவது சத்தம் வரத்தான் செய்யும். லிங்க் ராட் (ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னக் கம்பி), புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), ஷாக் அப்சார்பர் என்று வரிசையாக மாற்றியும் சத்தம் போகாத வண்டிகள் ஏராளம். அதற்குப் பெரும்பாலும் காரணம், ஜாக்கியைத் தவறான இடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான்.

முதலில் சஸ்பென்ஷன் அல்லாதவற்றை ஒதுக்குங்கள். லூசாகக் கிடக்கும் ஜாக்கி, டூல்ஸ், என்ஜின் அடித்தகடு, ஃபெண்டர் லைனர், மட் ஃப்ளாப் எல்லாம் மோசமான ரோட்டில் ‘கடகட’ என்று ஏமாற்றும். அடுத்தது பிரேக். கரடுமுரடான ரோட்டில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடோ, அதை அழுத்தும் காலிப்பரின் பின்னோ ஆடுகிறது. அதற்காக ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புக் கை) பக்கம் கைவைக்க வேண்டாம்.

பிறகு வேகத்தடை. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறினால் ஸ்டெபிலைசர் பார் (இரண்டு முன்பக்கத்தையும் இணைத்து, வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முறுக்கிக்கொள்ளாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முறுக்கும். எனவே ஒரு பக்கம் இறங்கும்போது மட்டும் ‘டக் டக்’ என்று வந்தால் லிங்க் ராட், பார் புஷ் மீது சந்தேகப்படலாம். இரண்டும் சேர்ந்து ஏறும்போதும் ‘டொம்’ என்று அடித்தால் ஷாக், அதன் மேல் ரப்பர், ஆர்ம் புஷ் பக்கம் போங்கள். பிரேக் போடும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு அடி கேட்டால் கீழ் ஆர்ம் புஷ்ஷை முதலில் பாருங்கள்.

லிங்க் ராடை ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிப் பார்க்கவே கூடாது. அந்த நிலையில் பார் முறுகி லிங்க்கை இழுத்துப் பிடிப்பதால், தேய்ந்த லிங்க்கூட டைட்டாகத் தெரியும். பிட்டில் (வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் குழி) நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது லிங்க்கைக் கையால் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். தேய்ந்திருந்தால் ‘டிக் டிக்’ என்று விரலிலேயே தெரியும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, வேறெதிலும் உரசாமல் கட்டிவிட்டு, ஒரு தெரு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி அதிகம் சாயும், கவனம்.

அடுத்தது பால் ஜாயின்ட், அதாவது ஆர்மின் முனையில் சக்கரப் பகுதியைப் பிடித்திருக்கும் குண்டு இணைப்பு. இன்னோவாவில் காயில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்மின் மேல்தான் விழுகிறது. ஜாக்கியை சேஸிஸில் கொடுத்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்தி, பால் ஜாயின்ட்டில் இருக்கும் ஆட்டத்தை மறைத்துவிடும். ஆகவே பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியைக் கீழ் ஆர்மின் வெளி முனைக்கு அருகில் வைத்துத் தூக்குங்கள். பாதுகாப்புக்கு சேஸிஸுக்குக் கீழ் ஸ்டாண்ட் கட்டாயம். ஆம்னி, ஈக்கோ போன்ற ஸ்ட்ரட் வண்டிகளில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக நின்று, மேல் ஆர்ம் இல்லாதவை) இது நேர்மாறு: பாடியைத் தூக்கி ஆர்மைத் தொங்கவிட வேண்டும்.

சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் மேல் அல்லது கீழ் பால் ஜாயின்ட். எது என்று டார்ச் அடித்து நேரில் பாருங்கள். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் மேலும் கீழும் உள்ள ஆட்டமும் தெரியும். கீழ் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

டை ராட் எண்டுக்கு (ஸ்டியரிங் கம்பி சக்கரப் பகுதியோடு சேரும் ஜாயின்ட்) வண்டியைத் தூக்கவே வேண்டாம். சக்கரம் தரையில் இருக்க, என்ஜின் ஆனில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு இடமும் வலமும் ஆட்டட்டும். பிட்டில் இருப்பவர் ஒவ்வொரு ஜாயின்டையும் தொட்டுப் பார்த்தால் போதும். ரேக் எண்டின் (அதே கம்பியின் உள்முனை ஜாயின்ட்) ஆட்டம் ரப்பர் பூட் மேலேயே கையில் தட்டும். ஸ்டியரிங் திருப்பினால் வரும் ‘டக் டக்’குக்கு ஆக்ஸில் ஜாயின்ட் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது பின்சக்கர டிரைவ் வண்டி, முன்னால் டிரைவ் ஷாஃப்டே கிடையாது.

‘கீச் கீச்’ என்றால் ரப்பர். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து, வண்டியை அமுக்கி அமுக்கி விடுங்கள். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். வாட்டர் வாஷ் முடிந்ததும் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கும் பழக்கம் இந்த ரப்பரையெல்லாம் ஊதவைத்துக் கெடுக்கும். தற்காலிகமாக அடக்க வேண்டுமானால் சிலிகான் ஸ்ப்ரே மட்டும். எல்லாம் சரியாக இருந்தும் ‘டொக்’ கேட்டால், சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள மவுண்ட் ரப்பரையும் என்ஜின் மவுண்ட்டையும் பாருங்கள்.

மாற்றும்போது நடக்கும் பெரிய தவறு புஷ் போல்ட்டில்தான். சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுசாக டைட் செய்தால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். கையளவுக்கு மட்டும் பிடித்து, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, பிறகு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். கீழ் ஆர்மைக் கழற்றும் முன் கேம் போல்ட்டின் (சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்யும் போல்ட்) இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் கம்ப்ரெஸ்ஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் ஷாக்கின் மேல் நட்டைத் தொடாதீர்கள். பால் ஜாயின்ட் நட்டில் ஸ்ப்ளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் பின்) ஓட்டை சேரவில்லை என்றால் மேலும் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பின் எப்போதும் புதியது. லிங்க் ராட் மட்டும் மாற்றினால் அலைன்மென்ட் தேவையில்லை. ஆர்ம், டை ராட் எண்ட் எதைத் தொட்டாலும் தேவை. 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்களை மறுபடி டைட் பாருங்கள்.