ஒரு செல்போன், வகுப்புக்கு ஓர் அட்டைக்கட்டு: உடனுக்குடன் வலுவூட்டுவது எப்படி?

பி.எட். படித்த எல்லாருக்கும் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் எலியைத் தெரியும்: நெம்புகோலை அழுத்தியதும் தீனி கிடைத்ததால் மீண்டும் மீண்டும் அழுத்திய எலி. செயலை மீண்டும் செய்யத் தூண்டும் அந்தப் பலன்தான் வலுவூட்டல். தேர்வு முடிந்ததும் எலியை மறந்துவிட்டு, நோட்டைத் திருத்தி மறுநாள் கொடுக்கிறோம். ஸ்கின்னரை உறுத்தியது இந்தத் தாமதம்தான். 1953-ல் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனவர், எழுதியது சரியா தவறா என்று அப்போதே அறிய வழியில்லாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே கற்பித்தல் இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். விடைக்கும் வலுவூட்டலுக்கும் இடையே உள்ள நேரத்தைக் குறைக்காத கருவி, எத்தனை விலை உயர்ந்த திறன் பலகையானாலும், இந்த வேலைக்கு உதவாது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளிடம் செல்போன் கிடையாது; இருந்தாலும் உள்ளே விடமாட்டேன். அதனால் நான் பயன்படுத்துவது பிளிக்கர்ஸ் செயலி. ஆசிரியரிடம் மட்டும் போன் இருந்தால் போதும். பிள்ளைக்கு ஓர் எண்ணிட்ட அட்டை. நடுவே கட்டம் கட்டமாகக் கறுப்பு உருவம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கேமராவை வகுப்பின் மீது மெல்ல ஓட்டினால் யார் எந்த விடை சொன்னார் என்று போனில் தெரியும். உருவம் அட்டைக்கு அட்டை வேறு என்பதால், பக்கத்து இலையைப் பார்க்கிறவனுக்குப் பயன் இல்லை.

அட்டைகளை அச்சிட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறம் ஒட்டுங்கள். (தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் வீட்டுக்கு வீடு கிடைக்கும்.) பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம்; ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது.

கேள்விகளில்தான் உழைப்பு. படிகள் சிறியவையாக இருக்க வேண்டும். பின்னம் நடத்தும்போது, நம் பழைய நில அளவையில் ஒரு வேலி 20 மா என்று தொடங்குங்கள். 10 மா எத்தனை பங்கு? எல்லாரும் பாதி என்பார்கள். உடனே 5 மா. விடைகளில் 1/5-ஐக் கட்டாயம் வையுங்கள். பலரும் அதில்தான் விழுவார்கள். அங்கே திட்டவும் வேண்டாம், நீளமாக விளக்கவும் வேண்டாம். ஒரு படி கீழே இறங்கி, 20 மாவுக்குள் எத்தனை 5 மா அடங்கும் என்று கேட்டுவிட்டு மீண்டும் பழைய கேள்விக்கே வாருங்கள். இம்முறை 1/4-ஐ மேலே பிடிக்கும் பிள்ளையிடம் அந்த நொடியே சொல்லுங்கள்: "சரி, நான்கு ஐந்து இருபது என்று எண்ணிப் பார்த்தாய்." வெறும் 'வெரி குட்' எதற்குக் கிடைத்தது என்று பிள்ளைக்குத் தெரியாது.

தொடக்கத்தில் ஒவ்வொரு சரியான விடைக்கும் பாராட்டு. கை பழகிய பிறகு இரண்டுக்கு ஒன்று, பிறகு எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி. குறைக்காவிட்டால் பாராட்டு நின்ற அன்றே உழைப்பும் நின்றுவிடும். பரிசுக்கு மிட்டாய் வாங்காதீர்கள். எங்கள் பள்ளியில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இடைவேளை மணி அடிக்கும் உரிமைக்கு இணையான பரிசை நான் இதுவரை பார்க்கவில்லை.

பெயரோடு கூடிய முடிவுகளைத் திரையில் காட்டாதீர்கள். தவறியவன் பெயர் எல்லார் முன்னும் வந்தால் அது தண்டனை. தண்டனை ஒரு செயலை அடக்கும். அதற்குப் பதில் எதைச் செய்வது என்று கற்பிக்காது. அட்டையைத் தூக்காமல் இருக்கத்தான் அவன் கற்றுக்கொள்வான். இதே காரணத்தால், கிளாஸ்டோஜோ போன்ற செயலிகளில் நல்ல நடத்தைக்குப் புள்ளி கொடுப்பேன், ஒருபோதும் கழிக்கமாட்டேன். 'ஒழுக்கம்' என்று பொதுவாக எழுதாமல், 'மணி அடித்ததும் நோட்டைத் திறந்தாள்' என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரத்தை நம்ப முடியாது. போனில் சார்ஜும் டேட்டாவும் இருந்தால், கேள்வியைக் கரும்பலகையில் எழுதியே நடத்தலாம்.

வாய்ப்பாடு, பின்னம், எழுத்துப்பிழை ஆகியவற்றுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். மேட்டூர் அணையை ஏன் ஜூன் 12-ல் திறக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஏ, பி, சி, டி போதாது. அன்றைக்கு அட்டைக்கட்டை மேசைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.