எல்.இ.டி.யில் ஒரு பகல் காட்சி: வீட்டு ஹாலுக்கு லைட்டிங் செய்யும் முறை

12க்கு 16 அடி ஹால். 10 அடி உயரத்தில் கூரை, தெருப் பக்கம் ஒரே ஜன்னல், சுவரில் டியூப்லைட், தலைக்கு மேலே ஃபேன். காலை பத்து மணி வெளிச்சத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளியே வெயில் ஏறினாலும் மேகம் மூடினாலும், முதல் ஷாட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு எடுக்கும் கடைசி ஷாட்டும் ஒட்ட வேண்டும்.

பெரிய எச்.எம்.ஐ.யும் (பகல் வெளிச்சம் தரும் பழைய வகை சினிமா விளக்கு) ஜெனரேட்டர் வண்டியும் இல்லாமலே இன்று இதை எடுத்துவிடலாம். எல்.இ.டி.யில் வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. நான்கைந்து விளக்குகளையும் ஒரே நிறத்தில் எரிய வைப்பதில்தான் சிக்கல். விளக்கின் முதுகில் 5600 (வெள்ளையின் சாயலைச் சொல்லும் கெல்வின் எண், பகல் வெளிச்சத்தின் அளவு) என்று எழுத்து ஓடினால், அது அந்தத் தயாரிப்பாளரின் 5600. பக்கத்து விளக்கின் 5600 கொஞ்சம் பச்சையாகவோ ரோஸாகவோ இருக்கும். அதனால் ஸ்டாண்டைத் தூக்குமுன் நிறத்தைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்த அறைக்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. ஜன்னலுக்கு வெளியே 600 வாட் வகை டேலைட் சி.ஓ.பி. (பகல் நிறத்தில் மட்டும் எரியும், ஒரே வட்டத்தில் எல்.இ.டி.களை நெருக்கிய விளக்கு) ஒன்று, உள்ளே 300 வாட் பை-கலர் (நிறத்தை மஞ்சளிலிருந்து பகல் வெள்ளை வரை மாற்றக்கூடியது) ஒன்று, ஒரு மீட்டர் நீள பிக்ஸல் டியூப் (நிறம் மாற்றக்கூடிய எல்.இ.டி. குழல் விளக்கு) இரண்டு, 4க்கு 4 அடி ஸ்கிம்மர் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிச் சட்டம்) இரண்டு, வெளிச்சத்தை மறைக்கும் கருப்பு கட்டர் மூன்று. ஒரு பக்கம் கருப்பு அடித்த தெர்மகோல் நான்கு, ஒரு ஸ்டாண்டுக்கு ஒரு மணல் மூட்டை, மாஸ்கிங் டேப். பட்ஜெட் இடித்தால் விளக்கில் ஒன்றைக் குறையுங்கள், கட்டரைக் குறைக்காதீர்கள்.

முதலில் கரண்ட்

600 வாட் என்று பெயர் இருந்தாலும் அந்த வகை விளக்கு சுவரிலிருந்து சுமார் 720 வாட் இழுக்கும். 300 வாட் விளக்கையும் டியூப்களின் சார்ஜரையும் சேர்த்தால் 1,200 வாட்டைத் தாண்டும். 230 வோல்ட்டில் அது 5 ஆம்புக்கு மேல். வீட்டின் 6 ஆம்ப் பிளக் பாயிண்ட் பேருக்குத் தாங்கும், ஆனால் அதே லைனில் ஃபிரிட்ஜ் இருந்தால் டேக் நடுவில் எம்.சி.பி. (ட்ரிப் சுவிட்ச்) விழும். ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்ப் பாயிண்டிலிருந்து எடுங்கள்.

எடுக்குமுன் மல்டிமீட்டரை வையுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பழைய வீடுகளில் மூன்றாவது துளை சும்மா அழகுக்கு இருப்பதும் உண்டு. எர்த் இல்லாத பாயிண்டில் உலோக உடம்புள்ள விளக்கைச் செருகாதீர்கள்.

இன்னொரு தொல்லை காரணம் தெரியாமல் ஆளைக் குழப்பும். ஒவ்வொரு எல்.இ.டி. பவர் சப்ளையும் இயல்பாகவே கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். ஒன்றிரண்டு விளக்கு என்றால் ஒன்றுமில்லை. ஒரே 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.யின் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) கீழ் பத்துப் பன்னிரண்டு விளக்கு சேர்ந்தால், எந்தப் பழுதும் இல்லாமலே அது ட்ரிப் ஆகும். லைனைப் பிரித்துப் போடுவதுதான் வழி, ஆர்.சி.சி.பி.யைப் பைபாஸ் செய்வது ஆளைக் கொல்லும் வேலை. கேபிள் டிரம்மை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுற்றிய நிலையில் லோடு ஏற்றினால் உள்சுற்று சூடேறி உருகும்.

நிறத்தை ஒட்ட வைப்பது

எல்லா விளக்குகளையும் பத்துப் பதினைந்து நிமிடம் எரியவிடுங்கள். சூடேறும்வரை நிறம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். கேமராவில் ஒயிட் பேலன்ஸை (எதை வெள்ளையாகக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) 5600-இல் பூட்டுங்கள். ஆட்டோ கூடவே கூடாது. ஒரு வெள்ளைத் தெர்மகோலின் நடுவில் கருப்பு அட்டையை நிறுத்தி, ஒரு பாதியில் 600 வாட் விளக்கும் மறு பாதியில் ஒப்பிட வேண்டிய விளக்கும் மட்டும் விழச் செய்யுங்கள். பிரகாசம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கண் ஏமாறும். மானிட்டரில் சாச்சுரேஷனை (நிற அழுத்தத்தை) ஏற்றினால் வித்தியாசம் துருத்திக்கொண்டு தெரியும். வெக்டர்ஸ்கோப் (படத்தின் நிறத்தை வட்ட வரைபடமாகக் காட்டும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. முதலில் கெல்வினை நகர்த்துங்கள், பிறகு பச்சை-மெஜந்தா திருத்தத்தை. ஒட்டியதும் அந்த எண்களை மாஸ்கிங் டேப்பில் எழுதி விளக்கின் மேல் ஒட்டுங்கள்: "5600 = 5350, பச்சை −4" என்கிற மாதிரி (5600 வேண்டுமானால் இந்த விளக்கை 5350-இல் வைக்க வேண்டும் என்று பொருள்). திருத்த முடியாத டேலைட் விளக்கைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும், மற்றவை அதன் பின்னால் வரட்டும்.

சாதாரண பை-கலர் விளக்கில் ஒன்றைக் கவனியுங்கள். அது வெதுவெதுப்பான எல்.இ.டி.யையும் குளிர்ந்த எல்.இ.டி.யையும் கலந்துதான் நடுவிலுள்ள நிறங்களைத் தருகிறது. இரண்டு முனையும் சரியாக இருந்தாலும் 4000 கெல்வின் பக்கம் மெல்லிய ரோஸ் ஏறும், ஏனென்றால் உண்மையான வெள்ளையின் பாதை வளைவு, கலவையின் பாதை நேர்கோடு. 3200-இல் ஒட்டியது 4300-இலும் ஒட்டும் என்று நம்ப வேண்டாம். எந்தக் கெல்வினில் எடுக்கிறீர்களோ அங்கேயே சோதியுங்கள்.

வெள்ளை அட்டையில் ஒட்டினால் முகத்திலும் ஒட்டும் என்று நினைப்பது தவறு. ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) கலந்து வரும் வெள்ளையும், நீல டையோடு மேல் பாஸ்பர் பூசி வரும் வெள்ளையும் அட்டையில் இரட்டைப் பிள்ளை போலத் தெரியும், தோலில் பிரிந்துவிடும். பெட்டியில் அச்சடித்த சி.ஆர்.ஐ. 95 (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண்) இதைக் காட்டாது. அந்தக் கணக்கு எட்டு வெளிர் நிறங்களை மட்டும் பார்க்கிறது; அழுத்தமான சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேரவே சேராது. மாநிற, கருப்பு நிறத் தோலுக்குச் சிவப்பு குறைந்தால் முகம் சாம்பல் பூத்துப் போகும். எனவே கடைசிச் சோதனையாக ஒரு ஆளை நிறுத்தி, நெற்றியில் குங்குமமும் தோளில் அரக்குப் பட்டும் இருக்க, விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அரக்கு காபிக்கொட்டை நிறத்துக்குப் போனால், அந்த விளக்கு முகத்துக்கு வேண்டாம், பின்சுவருக்கு அனுப்புங்கள். முகத்தில் விழும் விளக்கெல்லாம் ஒரே தயாரிப்பாக இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். விளக்கு வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் டி.எல்.சி.ஐ. எண்ணையும் எஸ்.எஸ்.ஐ. எண்ணையும் கேளுங்கள். இரண்டும் சி.ஆர்.ஐ. போன்ற மதிப்பெண்களே, ஆனால் கேமராவை மனதில் வைத்து உருவானவை.

ஜன்னல்

நிஜ வெயில் உள்ளே வராமல் தடுப்பதுதான் முதல் வேலை. விளக்கையும் ஜன்னலையும் சேர்த்து வெளியே கருப்புத் துணியால் கூடாரம் கட்டினால், உள்ளே வருவது உங்கள் வெளிச்சம் மட்டுமே. ஜன்னல் கேமரா ஃபிரேமில் தெரியும் என்றால் மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருட்டு தெரிந்துவிடும்.

ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் கூர்மையாக விழ வேண்டுமா? அப்படியானால் திரைச்சீலையை ஓரத்துக்கு ஒதுக்கி, விளக்கில் சாஃப்ட்பாக்ஸ் எதுவும் இல்லாமல் பிரெனல் (வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) மட்டும் மாட்டி, எட்ட வையுங்கள். எட்ட வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. விளக்கு ஜன்னலுக்கு 4 அடி வெளியே, நடிகர் 4 அடி உள்ளே, பின்சுவர் ஜன்னலிலிருந்து 16 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கிலிருந்து நடிகருக்கு 8 அடி, சுவருக்கு 20 அடி. சுவரில் விழுவது ஆறில் ஒரு பங்குதான், இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). விளக்கை 12 அடிக்குத் தள்ளினால் 16-க்கும் 28-க்குமான கணக்கு. சுவரில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். சூரியன் அடிப்பது போல அறை முழுக்கப் பரவும், நடிகர் இரண்டடி நகர்ந்தாலும் எக்ஸ்போஷர் குதிக்காது. விலை: முகத்தில் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும்.

தாங்குமா என்றால், தாராளமாக. ஐ.எஸ்.ஓ. 800, லென்ஸ் திறப்பு டி2.8, ஷட்டர் 1/50 வினாடி. இதற்கு முகத்தில் சுமார் 130 லக்ஸ் (வெளிச்ச அளவு) போதும்.

கம்பி நிழல் வேண்டாம், மேகமூட்டமான காலை வேண்டும் என்றால் ஜன்னல் கம்பியை ஒட்டி ஸ்கிம்மரைக் கட்டி, விளக்கால் அதை முழுக்க நிரப்புங்கள். இப்போது ஜன்னல்தான் விளக்கு. மேலே சொன்ன தூரக் கணக்கை இனி ஸ்கிம்மரிலிருந்து போட வேண்டும். விளக்கை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் சுவர் வெளிச்சமாகாது. பலர் இங்கேதான் குழம்பி, உள்ளே இன்னொரு விளக்கை ஏற்றிக் காட்சியைத் தட்டையாக்குகிறார்கள்.

உள்ளே

கேமரா பக்கத்திலிருந்து முகத்தில் நேராக எதையும் அடிக்காதீர்கள். நிழல் பக்கம் மீட்டரில் 30 லக்ஸ் காட்டினால் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். பேசும் காட்சிக்கு இது நல்ல தொடக்கம். நிழல் பக்க வெளிச்சம் கூடினால் தெர்மகோலின் கருப்பு, குறைந்தால் வெள்ளை. அதற்கும் போதாதபோதுதான் 300 வாட் விளக்கைக் கேமராவுக்குப் பின்னால் கூரையில் அடித்து, கொஞ்சமாக ஏற்றுங்கள். சுவர் கிளிப்பச்சையோ ரோஸோ என்றால் பவுன்ஸ் ஆகும் வெளிச்சமும் அந்த நிறத்தோடுதான் முகத்துக்கு வரும். ஃபிரேமில் தெரியாத சுவரை வெள்ளைத் துணியால் மூடிவிட்டால் தீர்ந்தது.

டியூப்பைக் கூரையில் கட்டும்போது ஃபேனைப் பாருங்கள். இறக்கைக்கு மேலே விளக்கு இருந்து ஃபேன் சுற்றினால் காட்சி முழுக்க நிழல் படபடக்கும். கட்டிய டியூப்புக்குச் சேஃப்டி செயின் கட்டாயம்; டேப்பை நம்பித் தொங்கவிடக் கூடாது. பின்தலை விளிம்புக்கு ஒரு டியூப்பை 10 சதவீதத்துக்கும் கீழே வைத்தாலே போதும். சீரியல்களில் எல்லோர் தலைக்குப் பின்னாலும் சாமி படத்து ஒளிவட்டம் எரிவதைப் பார்த்துப் பழகிவிட்டோம், பகல் நேர ஹாலில் அது எங்கிருந்து வரும்?

காட்சியில் எரிய வேண்டிய மேஜை விளக்கில் வீட்டு எல்.இ.டி. பல்பை விட்டுவைக்காதீர்கள். நிறமும் கெடும், ஃபிளிக்கரும் (படத்தில் வெளிச்சம் துடிப்பது) வரும். சாதா டிம்மரில் போட்டால் இன்னும் மோசம். சினிமாவுக்கென்று வரும் பேட்டரி பல்புகள் பெரும்பாலும் திருகு வகை. நம் வீட்டு ஹோல்டர் பின் வகை. மாற்று அடாப்டர் நாலைந்து பெட்டியில் கிடக்கட்டும்.

ஃபிளிக்கர்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 24 ஃபிரேமில் 180 டிகிரி ஷட்டர் என்றால் 1/48 வினாடி, அதில் மெதுவாகப் பட்டை நகரும். 172.8 டிகிரிக்கு மாற்றினால் 1/50 வினாடியாகி நின்றுவிடும். 25 ஃபிரேமில் 180 டிகிரியே சரி. ஸ்லோ மோஷன் இருந்தால் ஒவ்வொரு விளக்கையும் அதே ஃபிரேம் ரேட்டில், அதே டிம் அளவில் பதிவு செய்து பாருங்கள். முழு வெளிச்சத்தில் தேறும் விளக்கு 5 சதவீதத்தில் தோற்கலாம், ஏனென்றால் பல விளக்குகள் டிம் செய்வது மிக வேகமாக அணைத்து ஏற்றித்தான். அப்படிப்பட்டதை 60 சதவீதத்தில் எரியவிட்டு, தூரத் தள்ளியோ இன்னொரு ஸ்கிம்மர் போட்டோ குறையுங்கள்.

சில விளக்குகளில் விசிறிச் சத்தம் மைக்கில் ஏறும். சைலண்ட் மோடு போட்டால் வெளிச்சம் குறையக்கூடும் என்பதால், காலையிலேயே அந்த மோடில் வைத்தே எக்ஸ்போஷர் எடுங்கள்.

செட்டில் நூறு செல்போன் இருக்கும்போது விளக்குகளைக் கட்டுப்படுத்தும் புளூடூத் ஆப் திக்கும். அதற்குப் பதில் டி.எம்.எக்ஸ். (விளக்குகளைக் கம்பி வழியே கட்டுப்படுத்தும் முறை) கேபிள் இழுத்தால், ஒரு விளக்குக்கு 4 சேனல் என்றால் முகவரி 1, 5, 9 என்று போகும். கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (லைனின் முனையை மூடும் சிறு பிளக்) செருகுங்கள். மைக் கேபிளைப் போட்டு ஒப்பேற்றினால் விளக்குகள் தானாக மினுக்கும்.

படப்பிடிப்பு முடிந்து சாமான் கட்டும்போது சி.ஓ.பி.யை அணைத்து, ஆறிய பிறகு பெட்டியில் வையுங்கள். அதன் நடுவிலுள்ள மஞ்சள் எல்.இ.டி. வட்டத்தில் விரல் படக் கூடாது. எண்ணெய்க் கறை படிந்த இடம் சூட்டில் கருகும். மாஸ்கிங் டேப்பிலுள்ள எண்களை விளக்கின் சீரியல் நம்பரோடு நோட்டில் ஏற்றிவிட்டு டேப்பைக் கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து எடுக்கும் யூனிட் வேறு கேமராவுக்கும் அதையே நம்பும்.